தொடாமல் விட்ட தட்டு

அத்தியாயம் 12

கஸ்டம்ஸ் கிடங்கில் ஒன்பது வாரம் கிடந்த ஆன்டிபாடி ஒருவழியாக ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்ததையும், தோர்சாஃப் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுததையும் போன வாரம் பார்த்தோம். அது ஆனந்தக் கண்ணீர் என்று நம்பி எனக்கு எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும். அந்த ஆனந்தம் மூன்று நாள்கூட நிற்கவில்லை. புது ஆன்டிபாடியிலும் பழைய கறுப்புதான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. சிறுநீரகச் செல்களைத் தட்டில் வளர்த்து, ஓர் இரவு பட்டினி போட்டு, காலையில் ஒரு ஹார்மோனை அதில் விட்டால், ஐந்தே நிமிடத்தில் செல்லுக்குள் ஒரு புரதம் விழித்துக்கொள்கிறது. விழித்த புரதத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதுதான் ஆன்டிபாடி. அது ஒட்டினால் படத்தில் கறுப்புக் கோடு விழும். ஹார்மோன் விடாத தட்டில் கோடு விழக்கூடாது. அந்த இரண்டாவது தட்டுக்கு கன்ட்ரோல் என்று பெயர்.

மூன்று வருஷத்துக்கு முன் இது கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. அதை வைத்து ஒரு கட்டுரை வெளியானது. அதன் மேல்தான் தோர்சாஃபின் ஆய்வேடு முழுவதும் நிற்கிறது. இரண்டாவது கட்டுரை அச்சேறினால்தான் ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வுக்கு வைத்து டாக்டர் பட்டம் வாங்க முடியும். பத்திரிகையின் மதிப்பீட்டாளர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. முதல் சோதனையைப் புது ஆன்டிபாடியோடு இன்னொரு தடவை செய்து காட்டுங்கள் என்றார்கள்.

அந்த இன்னொரு தடவை மூன்று மாதமாக வரவில்லை. ஹார்மோன் விட்ட தட்டும் கறுப்பு, விடாத தட்டும் கறுப்பு. மாற்றாத பொருள் இல்லை, கழுவாத பாத்திரம் இல்லை. பத்திரிகை மூன்றாவது தடவையாகக் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. இன்று வியாழக்கிழமை.

*

காலை ஆறரைக்கே வெயில் சமையலறைக்குள் வந்துவிட்டது. தோர்சாஃபின் கணவன் மெஹ்ரெஸ் மகளுக்கு ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான். அவன் பள்ளிக்கூட வாத்தியார். ஜூலையில் அவனுக்கு லீவு. அந்த லீவே தோர்சாஃபுக்கு எரிச்சலாக இருந்தது.

"தோர்சா, பலகாரக் கடைக்காரர் மறுபடியும் போன் பண்ணினார். எத்தனை ட்ரே, எந்தத் தேதின்னு கேக்கறார். கல்யாண சீசனாம். இன்னிக்குச் சொல்லலைன்னா கிடைக்காதாம்."

"சொல்லாத."

"அப்புறம் வர்றவங்களுக்கு என்னத்தைக் குடுக்கறது? பேராசிரியருங்க உன்னை டாக்டர்னு அறிவிச்சதும் ஜனங்க நேரா மேஜைக்குத்தான் போவாங்க. பக்லாவா இல்லைன்னா அம்மா ஊர்ல தலைகாட்ட மாட்டாங்க. உங்க பிஸெர்த் ஊர் ஆளுங்க வேற முப்பது பேர் வர்றாங்க."

"மெஹ்ரெஸ், நான் டாக்டர் ஆனாத்தானே பக்லாவா! இன்னிக்குப் படம் வரலைன்னா கட்டுரை போச்சு. கட்டுரை போனா தேர்வே கிடையாது. இதை உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

குழந்தை தஸ்னீம் வாயைத் திறந்தபடியே இருவரையும் பார்த்தது.

மெஹ்ரெஸ் குரலைத் தணித்துக்கொண்டான். "கோபப்படாம கேளு. அன்னிக்கு இது அக்கா கையிலதானே வந்துச்சு? இவ வயித்துல இருந்தப்ப நீ ரெண்டு மாசம் படுத்த படுக்கையா இருந்தே. அக்காதான் எல்லாத்தையும் பண்ணினா. அவளையே பண்ணச் சொல்லேன்."

தோர்சாஃபுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக அவளுக்கும் இந்த யோசனை வராமல் இல்லை. வந்த போதெல்லாம் மிதித்து வைத்திருந்தாள். வெதாத் மெஹ்ரெஸின் மூத்த அக்கா. அதே ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாக உதவியாளர். பள்ளிப் படிப்போடு நின்றவள். இவளோ ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவள். நாத்தனாரிடம் போய் 'எனக்குக் கை வரவில்லை, நீங்கள் செய்து கொடுங்கள்' என்று நிற்பதற்கு எந்த மருமகளுக்குத்தான் மனசு வரும்?

"யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள்.

*

கோடையில் பல்கலைக்கழகம் இரண்டு மணியோடு சரி. மூன்றுக்கு அம் யூனுஸ் கட்டடத்தைப் பூட்டிவிடுவார். காவலாளிதான் என்றாலும் சாவி விஷயத்தில் அவர் யாருக்கும் அசையமாட்டார். ஏழு மணிக்குத் தொடங்கினால் செல்லை உடைத்து, புரதத்தைப் பிரித்து, தாளில் ஏற்றி, ஆன்டிபாடியில் ஊறவைத்துப் படம் எடுக்க இரண்டேகால் ஆகும். ஒரு தடவைக்குத்தான் நேரம் இருக்கிறது.

ஆய்வகத் தலைவர் சி ஹெடி அமைச்சகக் கூட்டத்துக்காகத் தலைநகர் தூனிஸுக்குப் போயிருந்தார். படத்தை இரண்டரைக்குள் அனுப்பு, நான் அங்கிருந்தே பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறேன் என்பது அவருடைய உத்தரவு.

வெதாத் ஏற்கெனவே வந்து குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை போட்டு எறிய வேண்டிய பிளாஸ்டிக் குழாய்கள்தான். இந்த ஆய்வகத்தில் அவை மூன்று தடவை கழுவப்பட்ட பிறகுதான் குப்பைக்குப் போகும். சிக்கனத்துக்காக ஸ்ஃபாக்ஸ்காரர்களை நாடே கேலி செய்கிறது. வெதாத் அந்தக் கேலியைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறவள்.

"முகம் ஏன் இப்படி இருக்கு? என் தம்பி ஏதாவது சொன்னானா?"

"இல்லக்கா." தோர்சாஃப் கோட்டு மாட்டினாள். பொத்தானைத் தப்பான துளையில் போட்டு, கழற்றி, மறுபடி போட்டாள். "அக்கா, இன்னிக்கு... நீங்க பண்றீங்களா?"

"என்னத்தை?"

"மருந்து விடறதை. நாலு தட்டு பட்டினி போட்டு வெச்சிருக்கேன். ரெண்டு நீங்க, ரெண்டு நான். அன்னிக்கு உங்க கையிலதானே வந்துச்சு."

வெதாத் குழாயைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இதைக் கேக்க மூணு மாசமாடி உனக்கு? நான் பாட்டுக்கு வாயைப் பொத்திக்கிட்டு, பெரிய படிப்பு படிச்சவ, அவளாச்சு அவ செல்லாச்சுன்னு இருந்தேன். கர்வம் பிடிச்ச கழுதை!"

"திட்டுங்க. திட்டிட்டு பண்ணிக் குடுங்க."

"பண்றேன். ஆனா உள்ள யாரும் நிக்கக்கூடாது. பக்கத்துல ஆள் நின்னா எனக்குக் கை நடுங்கும்."

தோர்சாஃப் ஆளுக்கு இரண்டு குழாய் தயார் செய்தாள். ஒன்றில் ஹார்மோன் கலந்த மீடியம். மீடியம் என்பது செல்கள் குடித்து வாழும் இளஞ்சிவப்பு நீர். இன்னொன்றில் எதுவும் கலக்காத வெறும் மீடியம், கன்ட்ரோல் தட்டுக்கு. வெதாத் செல் வளர்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். அடுத்து தோர்சாஃப் போனாள். அதற்குப் பிறகு காத்திருப்பைத் தவிர வேலையில்லை.

காத்திருப்பது என்றால் என்னவென்று ஆய்வகத்துக்காரர்களைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கடிகாரத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார வேண்டும். பத்து மணிக்குக் குளிர்சாதனம் நின்றது. பதினொன்றுக்கு வந்தது. பன்னிரண்டுக்கு வெதாத் டூனா அடைத்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்துக் கொடுத்தாள். தோர்சாஃப் தின்னவில்லை.

"சாப்பிடுடி. செல்லைத்தான் பட்டினி போடணும், உன்னை இல்லை."

"இன்னிக்கும் கறுப்பா வந்தா நான் இந்த ஊரை விட்டே போயிடுவேங்க்கா. சத்தியமா. பிஸெர்த் போய் எங்கப்பாவோட மீன் விக்கறேன்."

"மீனுக்கு கன்ட்ரோல் கேக்கமாட்டாங்க" என்றாள் வெதாத்.

*

இரண்டு மணி பத்து நிமிடம். படம் எடுக்கும் கருவியின் திரையில் நாலு கோடுகளுக்கான இடம் மெல்லத் தெளிந்தது. தோர்சாஃப் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்துடுச்சு!" வெதாத் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏய், கண்ணைத் திற! வந்துடுச்சு!"

தோர்சாஃப் செய்த இரண்டும் வழக்கம்போல் கறுப்பு. வெதாத் செய்ததில் ஹார்மோன் விட்டது கறுப்பு. விடாதது வெள்ளை. சுத்தமான வெள்ளை. மூன்று வருஷத்துக்கு முன் வந்த அதே படம்.

தோர்சாஃபுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நாத்தனாரின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். போனை எடுத்து மெஹ்ரெஸிடம், "பக்லாவாவுக்குச் சொல்லிடு! பத்து ட்ரே சொல்லு!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூத்தாடுவது கேட்டது.

வெதாத் பெருமை தாங்காமல் மேஜையைத் துடைக்கத் தொடங்கினாள். "உனக்கு அவசரம் ஜாஸ்தி. அதான் விஷயம். செல்லுக்குத் தெரியும், யார் கை நிதானமான கைன்னு." துடைத்துக்கொண்டே காலையில் வைத்த குழாய்களை எடுத்தாள். ஒன்றை வெளிச்சத்தில் காட்டினாள். "பாரு, மீடியம் மிச்சமிருக்கு. குளிர்பெட்டியில வைக்கறேன். அடுத்த வாரத்துக்கு ஆகும்."

தோர்சாஃப் தற்செயலாகத்தான் பார்த்தாள். குழாய் நிறைய இருந்தது. காலையில் அவள் நிரப்பிய அளவு அப்படியே இருந்தது.

"அக்கா, இது எந்தக் குழாய்?"

"வெறும் மீடியம். கன்ட்ரோலுக்குன்னு நீ குடுத்தியே."

"கன்ட்ரோல் தட்டுல ஊத்தலையா?"

"ஊத்துவாங்களா?" வெதாத் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அதுல மருந்தே இல்லையேடி. மருந்தில்லாத தண்ணியை எதுக்கு ஊத்தணும்? மீடியம் பாட்டில் கப்பல்ல வர ஆறு மாசம் ஆகுது, உனக்குத் தெரியாதா? கன்ட்ரோலைத் தொடாம அப்படியே ஓரமா வெச்சுட்டேன்."

"அன்னிக்கும்... மூணு வருஷத்துக்கு முன்னாடியும்?"

"என்னிக்கும் அப்படித்தான். நான் வேஸ்ட் பண்றவளா?"

தோர்சாஃப் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். மூன்று மாதமாக எதைத் தேடினாளோ அது கிடைத்துவிட்டது. கிடைக்காமலே போயிருக்கலாம் என்று தோன்றியது.

"அக்கா, நான் ஊத்தறேன். எழுதி வெச்சிருக்கற முறைப்படி ரெண்டு தட்டுலயும் ஒரே அளவு ஊத்தறேன். ஒண்ணுல ஹார்மோனோட, ஒண்ணுல ஹார்மோன் இல்லாம. ரெண்டும் கறுப்பாகுது."

"ஆமா. உன் கை அப்படி."

"கை இல்லக்கா! ஊத்தினாலே கறுப்பாகுது! அதுக்கு ஹார்மோனே வேண்டாம். மேல தண்ணி வந்து விழுந்தாலே அந்தச் செல் முழிச்சுக்குது. சிறுநீரகச் செல், அக்கா. நாள் பூரா மேல தண்ணி ஓடுற இடத்துல இருக்கறது. நீங்க கன்ட்ரோலைத் தொடலை, அதனால அது தூங்கிட்டிருக்கு. நாம ஹார்மோன் ஹார்மோன்னு மூணு வருஷமா கட்டிக்கிட்டு அழுதது வெறும் தண்ணியை!"

வெதாத்துக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த துணியை மேஜையில் வைத்தாள்.

"அப்ப அந்தக் கட்டுரை?"

"தப்பு."

"என் பேர் போட்டிருக்கே அதுல."

மூன்றாவது பெயராக அவள் பெயர் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த உதவியாளர் பெயரும் அதற்கு முன் கட்டுரையில் வந்ததில்லை. தோர்சாஃபுக்கு அது தெரியும். அதனாலேயே அவளால் நாத்தனாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இங்க பாரு." வெதாத்தின் குரல் இறுகியது. "படம் திரையில இருக்கு. நான் பொய்யா வரைஞ்சதா? இல்லை. உள்ளது உள்ளபடி வந்தது. என்னோட ரெண்டையும் வெட்டி அனுப்பு. உன்னோட ரெண்டையும் அழிச்சிடு."

"எப்படிக்கா?"

"எப்படின்னா? பதினாறு நாள்ல தேர்வு. ஆறு வருஷம் போயிருக்கு உனக்கு. என் தம்பி இப்ப கடையில நின்னு பலகாரம் சொல்லிக்கிட்டிருப்பான். உங்கப்பா வேன் பேசியாச்சு. எல்லாரையும் திருப்பி அனுப்புவியா? ஒரு குழாய் தண்ணிக்காகவா?"

"அந்த ஒரு குழாய் தண்ணிதான் அக்கா மொத்தமும்."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது."

தோர்சாஃபுக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. வெதாத் மேலா? படுக்கையில் கிடந்த தன் மேலா? அன்று ஒரு வார்த்தை கேட்காத சி ஹெடி மேலா? ஆறு மாதம் கப்பலில் வரும் பாட்டில் மேலா? மேஜையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். கைதான் வலித்தது.

போன் அடித்தது. சி ஹெடி.

தோர்சாஃப் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் வெதாத் போனை எடுத்து ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டாள்.

"சி ஹெடி, நான் வெதாத். வந்துடுச்சுங்க! ரொம்ப சுத்தமா வந்துருக்கு. இப்பவே அனுப்பறா."

"அல்ஹம்துலில்லாஹ்!" கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும், பின்னால் பேச்சுக்குரல்கள் கேட்டன. "நான் சொன்னேன்ல, வரும்னு! தோர்சாஃப் எங்கே? மப்ரூக்னு வாழ்த்துச் சொல்லணும் அவளுக்கு."

வெதாத் போனை அவளிடம் நீட்டினாள். பேசாதே, அனுப்பு என்று உதடுகள் மட்டும் அசைந்தன.

தோர்சாஃப் போனை வாங்கினாள். அப்பாவின் வேன், மெஹ்ரெஸ், பத்து ட்ரே எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின.

"சார், படம் வந்திருக்கு. ஆனா அது தப்பு. கன்ட்ரோல்ல எதுவும் ஊத்தலை. ஊத்தினா ரெண்டும் ஒண்ணுதான். முதல் கட்டுரையும் அப்படியேதான் வந்திருக்கு. ஹார்மோனுக்கு இதுல வேலையே இல்லை."

பின்னால் கேட்ட பேச்சுக்குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் எங்கோ தனியாக நடந்து போயிருப்பார்.

"கன்ட்ரோலைத் தொடாம விட்டது யாரு?" என்றார் சி ஹெடி. குரலில் கோபம்கூட இல்லை. "அந்த முதல் தடவை. யார் பண்ணினது?"

வெதாத் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வருஷ வேலை. நாளைக்கே அவளை வீட்டுக்குப் போ என்று சொல்ல அந்த மனிதருக்கு ஒரு கையெழுத்து போதும்.

"நான்தான் சார்" என்றாள் தோர்சாஃப். "நான்தான் பண்ணினேன்."



"தோர்சாஃப், அந்த மாசம் நீ பிரசவ ஆஸ்பத்திரியில இருந்தே. நானும் என் மனைவியும் வந்து பார்த்தோம்."

தோர்சாஃப் வெதாத்திடமிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப என்கிட்ட பொய் சொல்றே. சரி. அப்ப இந்த ஆறு வருஷத்துல வேற எதெல்லாம் பொய்? நான் எதை நம்பறது, சொல்லு?"

அவள் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. திருப்பிக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். போன் அணைக்கப்பட்டிருந்தது. கீழே அம் யூனுஸ் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

வெதாத் அவள் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினாள்.

"உண்மையைச் சொல்லணும்னுதானேடி அவ்வளவு குதிச்சே" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. "அதை முழுசாச் சொல்லியிருக்கக் கூடாதா?"